கேன்டர்பரியின் வீட்டு நாடாக்களும் நாகர்கோவிலில் பதினோரு கேசட்டுகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள கேன்டர்பரி, பேராலயத்தால் பெயர்பெற்ற சிறிய நகரம். அந்நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த பள்ளித் தோழர்கள் சிலர் 1960-களில் பதிந்து வைத்திருந்த ஒத்திகைகள், பாதியில் நின்ற பாட்டுகள், மேடை நிகழ்ச்சிகள் ஆகியவற்றை வாய்ஸ்பிரின்ட் என்ற நிறுவனம் 1998-ஆம் ஆண்டு ‘கேன்டர்பரீட் சவுண்ட்ஸ்’ என்ற பெயரில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. ஊரின் பெயரோடு ‘புதைக்கப்பட்ட’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பிணைத்துச் செய்த பெயர் அது. தொகுப்பின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு மாலைகளில் கூடும் நாங்கள் ஐந்து பேர் இந்தத் தொகுப்பை ஆறு வாரங்கள் தொடர்ந்து கேட்டோம். வெறும் ரசனைக்காகக் கேட்கவில்லை. தக்கலைக்கு அருகே ஒரு பழைய ஓட்டுவீட்டின் மச்சிலிருந்து பதினோரு கேசட்டுகள் எங்கள் கைக்கு வந்திருந்தன. அவற்றை என்ன செய்வது, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நம்மைப் போலவே பெருநகரத்துக்குத் தொலைவில், கோயில் மணியோசைக்குள் வளர்ந்த ஓர் ஊர் தன் இளைஞர்களின் இசையை எவ்வாறு மீட்டெடுத்தது என்று பார்த்தால் வழி தெரியும் என்று நினைத்தோம். வழி தெரிந்தது, அதற்கு முன்பே ஒரு பிழையையும் செய்துவிட்டோம். இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

கேன்டர்பரி இசை என்றால் என்ன?

ராக் இசையை நீண்ட, சிக்கலான படைப்புகளாக விரிக்கும் புரோகிரசிவ் ராக் கேட்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. மற்றவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். சைமன் லாங்டன் என்ற ஆண்கள் பள்ளியில் படித்த ராபர்ட் வயட், ஹ்யூ ஹாப்பர், அவருடைய அண்ணன் பிரையன் ஹாப்பர், மைக் ராட்லெட்ஜ் போன்றோர்தான் இந்த வட்டத்தின் தொடக்கம். கேன்டர்பரிக்கும் டோவருக்கும் இடையிலுள்ள லிட்டன் என்ற சிற்றூரில் வயட்டின் பெற்றோருக்கு ஒரு பெரிய வீடு இருந்தது. அதில் அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டேவிட் ஆலன் அங்கே தங்கியபோது ஜாஸ் இசைத்தட்டுகளையும் புதிய கவிதையையும் நாடாவை வெட்டி ஒட்டிச் செய்யும் விளையாட்டுகளையும் உடன் கொண்டுவந்தார். பதின்வயதுப் பையன்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வீடும் வெளியூரிலிருந்து வந்து தங்கிய ஒரு மனிதரும் இல்லாமல் எந்த ஊரின் இசையும் திசை மாறியதில்லை என்பது என் எண்ணம்.

1964-இல் இவர்கள் ‘வைல்ட் ஃப்ளவர்ஸ்’ என்ற குழுவை உண்டாக்கினார்கள். முதல் நிகழ்ச்சி 1965 ஜனவரியில், விட்ஸ்டபிள் என்ற கடற்கரை ஊரில் நடந்தது. வயட், ஹாப்பர் சகோதரர்கள், கெவின் அயர்ஸ், ரிச்சர்ட் சின்க்ளேர் ஆகியோரோடு தொடங்கிய அந்தக் குழுவில் பின்னர் பை ஹேஸ்டிங்ஸ், டேவ் சின்க்ளேர், ரிச்சர்ட் காஃப்லன் ஆகியோரும் சேர்ந்தனர். குழு நடந்த காலத்தில் ஒரே ஒரு இசைத்தட்டுகூட வெளிவரவில்லை. ஆனால் அதிலிருந்து பிரிந்தவர்கள்தான் 1966-இல் ‘சாஃப்ட் மெஷின்’ குழுவையும் 1968-இல் ‘கேரவன்’ குழுவையும் அமைத்தார்கள். சாஃப்ட் மெஷின் 1968-இல் புகழ்பெற்ற கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுடன் அமெரிக்கா முழுவதும் சுற்றியது. 1970 ஆகஸ்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கின் புராம்ஸ் இசைவிழாவில் வாசித்தது. கேரவன் 1971-இல் வெளியிட்ட இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் 22 நிமிடங்களுக்கு மேல் ஓடும் ஒரே படைப்பு நிரப்பியது. இவ்வளவுக்கும் வேர், ஒரு தட்டுகூட வெளியிடாத அந்த முதல் குழு. அந்த வேர் காதால் கேட்கக் கிடைத்ததற்கு, அதன் நாடாக்களை ஒருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்ததே காரணம்.

அவர் பிரையன் ஹாப்பர். குழுவில் கிதாரும் சாக்சபோனும் வாசித்தவர். தம்பி ஹ்யூ முதலில் சாஃப்ட் மெஷினின் பயணப் பணியாளராகவும் பிறகு அதன் பாஸ் கிதார் கலைஞராகவும் புகழடைந்தார். அண்ணனின் பெயர் அவ்வளவாக வெளியே தெரியவில்லை. ‘கேன்டர்பரீட் சவுண்ட்ஸ்’ அவருடைய வீட்டுச் சேகரிப்பிலிருந்து உருவானது. 1994-இலேயே வைல்ட் ஃப்ளவர்ஸ் குழுவின் பழைய பதிவுகள் ஒரு குறுந்தகடாக வந்திருந்தாலும், வீட்டின் உள்ளறை வரை கேட்பவரை அழைத்துச் செல்லும் தொகுப்பு இந்த நான்கு தொகுதிகள்தான்.

கேட்டபோது கிடைத்தது

முதல் வாரம் எங்களில் இருவருக்குப் பிடிக்கவில்லை. அதை மறைப்பதில் பயனில்லை. ஒலி மங்கல், சில பாட்டுகள் அன்றைய நடனப் பாட்டுகளின் சாயல், சில பதிவுகள் யாரோ ஒருவர் கருவியைச் சோதித்துப் பார்ப்பதற்கு மேல் எதுவுமில்லை. முறையாக முடிந்த படைப்பை எதிர்பார்த்து அமர்பவருக்கு இந்தத் தொகுப்பு சலிப்பூட்டும். நான்கு தொகுதிகளையும் இரண்டாகச் சுருக்கியிருந்தால் கேட்பவர் கூடியிருப்பார் என்று எங்கள் குழுவில் ஒருவர் கடைசிவரை வாதாடினார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் நான் உடன்படவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். 1970-இல் வெளிவந்த சாஃப்ட் மெஷினின் மூன்றாவது இசைத்தட்டு, இரண்டு தட்டுகளில் பக்கத்துக்கு ஒன்றாக நான்கே படைப்புகளைக் கொண்டது. அதன் முதல் பக்கத்திலுள்ள ஹ்யூ ஹாப்பரின் படைப்பு, இருவேறு மேடைப் பதிவுகளை வெட்டி ஒட்டி, நாடாச் சுருள்களைச் சேர்த்துச் செய்தது. அந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அந்தத் தட்டை மட்டும் கேட்டால் புரியாது. வீட்டில் ஒரு நாடாக்கருவி இருந்ததும், பள்ளிப் பருவத்திலேயே அதைத் திறந்து மூடிப் பழகியதும், பதிவு என்பது இறுதியில் எடுக்கும் நிழற்படம் அன்று, மிருதங்கம்போல் அதுவும் கையில் பழகும் ஒரு கருவி என்று அவர்களுக்குத் தோன்றியதும் வீட்டுப் பதிவுகளைக் கேட்டால்தான் விளங்குகிறது. சலிப்பூட்டும் பகுதிகளை நீக்கிவிட்டால் அந்த விளக்கமும் உடன் போய்விடும்.

இன்னொன்று குரல். வயட்டும் ரிச்சர்ட் சின்க்ளேரும் அமெரிக்கக் குரலைப் போலிசெய்யாமல், தாங்கள் வீட்டில் பேசும் உச்சரிப்பிலேயே பாடியவர்கள் என்பது கேன்டர்பரி இசையைப் பற்றிப் பலரும் சொல்லும் செய்தி. அந்த இயல்பு முதல் நாளிலேயே வந்துவிடவில்லை. தொடக்கக் காலப் பாட்டுகளில் பிறர் பாட்டைப் பிறர் குரலில் பாடும் முயற்சி தெளிவாகவே கேட்கிறது. கடல் தாண்டி வந்த இசையைக் கற்றுக்கொண்ட எந்த ஊர்ப் பையன்களும் கடந்து வரும் படி அது. எங்கள் பதினோரு கேசட்டுகளில் ஏழாவதைக் கேட்டிருந்த எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது.

இந்த வட்டத்தின் எல்லை குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ‘கேன்டர்பரி இசை’ என்று இன்று அடையாளப்படுத்தப்படும் குழுக்களில் பல கேன்டர்பரியில் உருவாகவே இல்லை. டேவிட் ஆலனின் ‘காங்’ பிரான்சில் தோன்றியது. ‘ஹேட்ஃபீல்ட் அண்ட் த நார்த்’ லண்டன் குழு. ஊர்ப்பெயர் நாளடைவில் ஒரு வாசிப்பு முறைக்கு ஆகுபெயராகிவிட்டது: ஒற்றைப்படை எண்ணிக்கையில் செல்லும் தாளம், கரகரப்பூட்டப்பட்ட ஆர்கன், நீண்ட ஜாஸ் வாசிப்புக்கு நடுவே குழந்தைத்தனமான ஒரு மெட்டு. ஆனால் பிரையன் ஹாப்பரின் தொகுப்பு அந்தப் பெரிய வட்டத்தைக் காட்டவில்லை. அது காட்டுவது தன் வீட்டுக்குள் வந்துபோனவர்களை மட்டுமே. இதைச் சிலர் குறையாகக் கருதலாம். எனக்கு இதுவே அதன் நேர்மை. ஓர் ஊரின் இசை முழுவதையும் தருகிறேன் என்று சொல்லும் தொகுப்பு யாரை விட்டது என்பதைச் சொல்வதில்லை.

1978-இல் இங்கிலாந்து இசைஞர் பிரையன் ஈனோ தயாரித்த ‘நோ நியூயார்க்’ என்ற தொகுப்பு இதற்குத் தகுந்த எதிர்ச்சான்று. நியூயார்க்கின் பரிசோதனை ராக் குழுக்கள் பலவற்றிலிருந்து நான்கை மட்டும் தேர்ந்து, குழுவுக்கு நான்காக 16 பாட்டுகளை அது தந்தது. அந்த நான்கும் வரலாற்றில் நின்றன. அதே மேடைகளில் வாசித்த மற்றவை நெடுங்காலம் அடிக்குறிப்பாகவே இருந்தன. வெளியிலிருந்து வந்த ஒருவரின் செவி அந்த நகரத்தின் இசைக்கு எல்லை வகுத்துவிட்டது. கேன்டர்பரியில் எல்லையை வகுத்தது ஒரு வீட்டு அலமாரி. அலமாரிக்கும் பாரபட்சம் உண்டு. ஆனால் அது இன்னாருடைய அலமாரி என்று தொகுப்பிலேயே எழுதியிருக்கிறது.

எங்கள் பதினோரு கேசட்டுகள்

இனி தக்கலைக்கு வருகிறேன். 1980-களின் இறுதியில் நான்கு இளைஞர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு வீட்டு முன்னறையில் கூடி வாசித்தார்கள். மூவர் ஆலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆர்மோனியமும் வயலினும் டிரம்ஸும் ஆலயத்தின் வழியாகவே பல வீடுகளுக்குள் நுழைந்தன என்பதால் இதில் வியப்பில்லை. அவர்களில் ஒருவருடைய அண்ணன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன் (வானொலியும் கேசட் கருவியும் சேர்ந்தது) ஒன்றை மேசைமேல் வைத்து, அதன் உள்மைக்கிலேயே எல்லாவற்றையும் பதிந்தார்கள். மேடை ஏறியது மிகக் குறைவு. குழுவுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. இதை ஓர் இயக்கம் என்று நான் பெரிதுபடுத்தமாட்டேன். நான்கு பேர், ஓர் அறை, சுமார் மூன்று ஆண்டுகள்.

ஆனால் அவர்கள் வாசித்தது கவனிக்கத் தக்கது. ஐந்தாவது கேசட்டில் ஏழு எண்ணிக்கையில் செல்லும் ஒரு நீண்ட வாசிப்பு இருக்கிறது. ராக் கேட்டு வளர்ந்தவர்கள் இதை 7/8 தாளம் என்பார்கள். டிரம்ஸ் வாசித்தவர் அதைத் ‘தகிட தகதிமி’ என்று வாய்விட்டுச் சொல்லித் தொடங்குவது நாடாவில் கேட்கிறது. வீட்டுக்குப் பின்புறம் இருந்த கோயிலின் கொடைவிழாவின்போது நையாண்டி மேளம் கேட்டுப் பழகிய காது அவருடையது. கொடையில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும் ஊரில் இருபது நிமிடப் பாட்டு யாருக்கும் நீளமாகத் தெரியவில்லை. ஏழாவது கேசட்டில்தான் அதுவரை ஆங்கிலத்தில் பாடிவந்தவர் முதன்முறையாக நாஞ்சில் பேச்சுத்தமிழில் பாடுகிறார். இரண்டு வரி பாடியதும் மற்றவர்கள் சிரித்துவிடுகிறார்கள். அவர் நிறுத்தாமல் பாடுகிறார்.

எங்கள் பிழை இங்கேதான் நிகழ்ந்தது. கேன்டர்பரித் தொகுப்பைக் கேட்கத் தொடங்கும் முன்பே, முதல் இரண்டு கேசட்டுகளை டிஜிட்டலுக்கு மாற்றித்தருமாறு ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்தோம். ‘நன்றாகத் துப்புரவு செய்து கொடுங்கள்’ என்று நாங்களே கேட்டுக்கொண்டோம். இரைச்சல் முழுவதும் நீக்கப்பட்ட எம்பி3 கோப்புகள் வந்தன. சிம்பல் ஓசை தண்ணீருக்குள் கேட்பது போலிருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே முழு மௌனம். நாங்கள் அதைத்தான் வெற்றி என்று நினைத்தோம்.

அந்தக் கோப்பை டிரம்ஸ் வாசித்த அண்ணனுக்குப் போட்டுக் காட்டியபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “இதுல அம்மைக்க சத்தம் எங்க மக்கா?”

அவருடைய அம்மா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாவது கேசட்டில் ஒரு பாட்டு முடிந்ததும் அடுக்களையிலிருந்து அவர், கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) ஆறிப்போகிறது என்று கூப்பிடுவார் என்று அண்ணன் சொன்னார். மூல கேசட்டைத் திரும்ப ஓட்டினோம். இருந்தது. மழை ஓட்டின்மேல் விழும் ஓசைக்குப் பின்னால், தெளிவாக, நான்கு நொடிகள்.

அது எவ்வாறு நாடாவில் பதிந்தது, எவ்வாறு நீங்கியது என்பதை விளக்குவது இந்த ஆய்வுக்குத் தேவை. அத்தகைய வீட்டுக் கருவிகளில் ஒலியளவைத் தானே சரிசெய்யும் சுற்று ஒன்று இருக்கும். டிரம்ஸ் ஒலிக்கும்போது அது மைக்கின் உணர்திறனைத் தாழ்த்தும்; வாசிப்பு நின்றதும் சில நொடிகளில் மெல்ல உயர்த்தும். ஆகவே பாட்டு முடிந்த இடைவெளியில்தான் வீடு முழுவதும் நாடாவுக்குள் வருகிறது: மழை, பாத்திரம், தெருவில் போகும் பேருந்து, அம்மா. இரைச்சல் நீக்கும் மென்பொருளோ அதே இடைவெளியை மாதிரியாக எடுத்துக்கொண்டு, ‘இதுதான் இரைச்சல்’ என்று முடிவுசெய்து, அதைப் பதிவு முழுவதிலிருந்தும் கழிக்கிறது. கருவி எதைச் சேர்த்து வைத்ததோ அதையே மென்பொருள் குறிபார்த்து அழிக்கிறது. கூடத்தார்மேல் குற்றமில்லை, கேட்டதைச் செய்தார்கள்.

இரண்டாம் முறை

கேன்டர்பரித் தொகுப்பைக் கேட்டு முடித்தபின் வேலையை நாங்களே தொடங்கினோம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது. மச்சில் வைத்த எந்த நாடாவும் ஈரத்துக்குத் தப்புவதில்லை. பதினொன்றில் நான்கில் நாடாச் சுருளின் விளிம்பில் வெண்பூசணம் படர்ந்திருந்தது. அவற்றை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்து, பூசணம் காய்ந்தபின், முகக்கவசம் அணிந்து, வெளித்திண்ணையில் மென்தூரிகையால் துடைத்தோம். இரண்டில், நாடாவைக் கருவியின் தலையோடு (நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதி) அழுத்தும் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தது. பழைய வெற்றுக் கேசட்டின் கூட்டுக்குள் சுருளை மாற்றிப் பொருத்தினோம். மூன்று கேசட்டுகள் 90 நிமிட வகை. 60 நிமிட நாடாவைவிட மெலிதானது அது. விரைந்து சுற்றினால் இழுபட்டுவிடும். அதனால் வேகமாகச் சுற்றும் பொத்தானைத் தொடாமல், ஒரு பக்கம் முழுவதையும் வாசிக்கவிட்டே மறுமுனைக்குக் கொண்டுசென்றோம்.

முக்கியமான வேலை தலையின் சாய்வைச் சரிசெய்வது. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் அந்த மெல்லிய நாடாவில், பதிந்த கருவியின் தலைக்கும் வாசிக்கும் கருவியின் தலைக்கும் இம்மி அளவு கோணம் மாறினாலும் உயர்ந்த ஒலிகள் மங்கிவிடும். தலைக்குப் பக்கத்திலுள்ள சிறிய திருகை, சிம்பல் ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் இடம்வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் புதிதாக. ஐந்தாவது கேசட்டுக்கு அந்தத் திருகு கால்சுற்றுக்கும் குறைவாகவே திரும்பியது. திரும்பிய கணத்தில் ஒரு கதவு திறந்ததுபோல் அந்த முன்னறை எங்கள் மாடிக்குள் வந்தது. பிறகு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில், எந்த வடிகட்டலும் இல்லாமல், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிந்தோம். கேட்பதற்கு எளிதான நகல் வேண்டுமானால் அதிலிருந்து தனியே செய்துகொள்ளலாம். மூலநகலில் கைவைப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

தேர்வில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. முடிந்த பாட்டுகளை மட்டும் சேர்த்தால் ஏறத்தாழ 50 நிமிடம். நல்ல தொகுப்பாக இருக்கும். ஒத்திகை, பேச்சு, தவறித் தொடங்கியவை எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல். இறுதியில் இரண்டாகச் செய்தோம். வெளியே கொடுக்கும் தொகுப்பு 80 நிமிடம். அதில் ஏழு எண்ணிக்கை வாசிப்பின் மூன்று முயற்சிகளும் வரிசையாக உண்டு. முதலாவதில் பாஸ் கிதார் வழிதவறுகிறது, இரண்டாவதில் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள், மூன்றாவது 17 நிமிடம் ஓடுகிறது. மூன்றாவதை மட்டும் வைத்தால் போதாதா என்று கேட்டவருக்கு, முதலிரண்டும் இல்லாமல் மூன்றாவதின் மகிழ்ச்சி கேட்பவருக்குச் சேராது என்று பதில் சொன்னேன். முழுப் பதிவும் தனி வன்தட்டில் மூன்று வீடுகளில் இருக்கிறது.

அனுமதி விஷயத்தில் சுருக்கமாக: ஒலிப்பதிவுக்கு நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி 60 ஆண்டு உரிமை உண்டு, வாசித்தவர்களுக்கும் தனி உரிமை உண்டு. உயிரோடிருக்கும் மூவரும் எழுதிக் கொடுத்தார்கள். நான்காமவரின் மனைவி, குளச்சலுக்கு அருகே தம் வீட்டில், கணவர் வாசித்த பகுதியை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டார். அவர் கிதார் வாசிப்பார் என்பது திருமணத்துக்குப் பின் பிறந்த அவருடைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

தொகுப்போடு இணைத்த குறிப்பேட்டில், பிரையன் ஹாப்பரின் தொகுப்பிலிருந்து கற்றபடி, முதல் வரியிலேயே இவை இன்ன வீட்டில் இன்னார் பாதுகாத்த கேசட்டுகள், இதற்கு வெளியே வாசித்தவர்கள் இதில் இல்லை என்று எழுதினோம். அதைப் படித்துவிட்டு மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் வந்தார். தங்கள் தெருவிலும் அந்நாளில் ஒரு குழு இருந்ததென்றும், தம்மிடம் ஒரு கேசட் இருக்கிறதென்றும் சொன்னார். அதன் கூடு திருகில்லாமல் ஒட்டப்பட்ட வகை. மெல்லிய கத்தியால் விளிம்பைப் பிளந்துதான் திறக்க வேண்டும். மழை ஓயட்டும் என்று சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைத்திருக்கிறோம்.

எங்கள் தொகுப்பில் இரண்டாவது பாட்டு முடிந்ததும் இடைவெளி வழக்கத்தைவிட நீளமாக இருக்கும். குறிப்பேட்டில் அந்த இடத்தில், வாசித்தவர்களின் பட்டியலில், நால்வருக்குக் கீழே ஐந்தாவதாக ‘அம்மை: குரல், 4 நொடி’ என்று அண்ணன் தம் கையாலேயே எழுதியிருக்கிறார்.